ராத்திரி 1:40

ஸ்மார்ட் சுவிட்ச் வாங்குபவர்கள் முதலில் விலையைப் பார்ப்பார்கள், அப்புறம் அலெக்ஸாவோடு பேசுமா என்று. பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு திருச்சி வீட்டுக்கு வாங்கிய எனக்கு வேறு கேள்விகள் இருந்தன. அப்பாவுக்கு 74 வயது, முழங்காலில் ஆபரேஷன் ஆனவர். சுவிட்ச் போர்டு கட்டிலிலிருந்து எட்டடி தள்ளிக் கதவோரம். ராத்திரி பாத்ரூம் போக எழுந்தால், அம்மா தூக்கம் கெடும் என்று லைட் போடாமல் சுவரைத் தடவிக்கொண்டே போவார்.

ஸ்மார்ட் பல்பை முதலிலேயே நீக்கினேன். சுவரில் சுவிட்சை அணைத்துவிட்டால் எந்த ஆப்பும் அதை எரிய வைக்க முடியாது. எங்கள் அம்மாவோ, "ஆளில்லாத ரூம்ல லைட் எதுக்கு?" என்று அணைத்துக்கொண்டே போகிறவர்.

அடுத்தது, போர்டுக்குப் பின்னால் வைக்கும் சின்ன ரிலே. பழைய சுவிட்சும் அப்படியே வேலை செய்யும். ஆனால் இதற்கு நியூட்ரல் ஒயர் வேண்டும். நியூட்ரல் இல்லாமல் ஓடும் மாடல்கள் பல்பு வழியாகவே கொஞ்சம் கரண்டைக் கசியவிட்டு உயிர் வாழ்கின்றன. சின்ன எல்இடியாக இருந்தால் அணைத்த பிறகும் மினுக்கும். அப்பாவுக்கு வேண்டியதோ ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பு. எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் போனில் கேட்டேன். "அந்த போர்டுல பிளக் பாயிண்ட் இருக்குல்ல தம்பி? அப்ப நியூட்ரல் இருக்கும்" என்றார்.

கட்டிலோரம் ஒட்ட ஒரு வயர்லெஸ் பட்டன். சுவரைக் கொத்த வேண்டாம். வைஃபை பேட்டரியைத் தின்னும் என்பதால் ஜிக்பீ. கன்ட்ரோல் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும், நெட் போனாலும் லைட் எரிய வேண்டும். 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் என்ற அமெரிக்க நிறுவனம் சொல்லாமல் கொள்ளாமல் சர்வரை நிறுத்தியபோது, அதன் ஆப்பை நம்பியிருந்த வீடுகள் திண்டாடின.

பட்டன்கூட வேண்டாம், மோஷன் சென்சார் போதுமே என்றும் தோன்றியது. அப்பாவிடம், "நீங்க எழுந்தாலே தானா எரியும்ப்பா" என்றேன்.

"அது உனக்குத் தெரியுமா?"

தெரியும். 1:40, 3:10, 4:25 என்று ஆப் வரிசையாகக் காட்டும். டாக்டரிடம் சொல்ல உதவும். என் வேலையிலும் யார் எப்போது எதை அழுத்தினார்கள் என்று லாக் எழுதுகிறோம். அதற்காக யாரும் யாரிடமும் அனுமதி கேட்பதாக நினைப்பதே இல்லை.

"ராத்திரி எத்தன தடவ போறேன்னு உங்கம்மாவுக்கே தெரியாதுடா" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தில் சென்சார் போனது. ஹோம் அசிஸ்டன்ட் போட்டு, ஹிஸ்டரியை நிறுத்தி, வெளியிலிருந்து பார்க்கும் வழியையும் அடைத்தேன். அவர் விழுந்தால் எனக்குத் தகவல் வராது. அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் நான் பதறாமல் தூங்குவதற்காக அவர் தன் ராத்திரிகளை எனக்குக் கணக்குக் காட்ட வேண்டுமா?

தெரிய வேண்டுமென்றால் காலையில் போன் பண்ணிக் கேட்கிறேன். "நல்லாத் தூங்கினேன்" என்கிறார். சரி என்கிறேன்.