ஆற்றின் அளவும் எம் அளவும்

பிரயாணஞ் செய்வோர் பலர். பிரயாணத்துக்கு முன்னே அமர்ந்து ஆராய்வோர் சிலர். அச்சிலருள்ளும் தம்மைத் தாமே ஆராய்வோர் மிகச் சிலரே. இதனை எமக்குக் கற்பித்தது நேபாள நாட்டு ஆறொன்று. அவ்வாற்றை யாம் இன்னுங் கண்டிலேம்; எனினும் அதன் பாடத்தைப் பெற்றுவிட்டோம்.

சென்ற ஜூலை மாதத்தில் ஒருநாள், மாலைச் செபம் முடிந்தபின், விடுதியில் எம் அறையில் நண்பர் மூவர் கூடினர். அவருள் ஒருவர், இமயத்தினின்றும் இழியும் ஆறுகளிலே, காற்றடைத்த இரப்பர்த் தெப்பத்தில் ஏறி, வெண்ணுரை பொங்கும் ஓட்டத்தில் துடுப்பிட்டுச் செல்லும் விளையாட்டைப் பற்றி விரித்துரைத்தார். கயாக் என்னும் ஒற்றையாள் ஓடத்தைப் பற்றியுங் கூறினார். அவ்விரவே நால்வேமும் போவதென்று துணிந்தோம். கணக்கெழுதும் பொறுப்பு எம்மைச் சார்ந்தது. தமிழ் ஆனர்ஸ் மாணவர்க்கு ஓய்வு மிகுதி என்பது விஞ்ஞான மாணவரின் நெடுநாட் கொள்கையன்றோ!

வழியும் பொருளும் எமக்குப் பெருந்தடையாகத் தோன்றவில்லை. இந்தியர்க்கு நேபாளஞ் செல்ல விசா வேண்டுவதில்லை. வாக்காளர் அடையாள அட்டையே தரைவழி எல்லையிற் போதும். கோரக்பூர் வரை இரயிலிலும், அங்கிருந்து சுனௌலி எல்லை வழியே பஸ்ஸிலும் காத்மாண்டு சேரலாம். நம் ரூபாய் ஒன்றுக்கு அந்நாட்டு ரூபாய் 1.60 என்னும் மதிப்பு 1993 முதல் மாறாதிருத்தலால் கணக்கிடுதலும் எளிதாயிற்று.

எந்த ஆறு என்பதே வினா. நண்பர்கள் சுன்கோசியையே விரும்பினர். நேபாள மொழியிற் சுன் என்றால் பொன். டோலால்காட் என்னுமிடத்தில் தெப்பமேறினால், சுமார் 270 கிலோமீட்டர் கடந்து, எட்டு ஒன்பது நாளிற் சமவெளியின் விளிம்பிலுள்ள சத்தராவில் இறங்கலாம். இரவுதோறும் ஆற்றங்கரை மணலிற் கூடாரம். இவற்றைப் படித்த எமக்கும் மனம் பொங்கியது.

ஆயின் மேலும் படிக்கப் படிக்க அப்பொங்கல் அடங்கலாயிற்று. ஓட்டங்களின் கடுமையை ஒன்று முதல் ஆறு வரை வகுப்புக்களாகப் பிரிப்பது உலக வழக்கு. முதல் வகுப்பிற் சிற்றலைகளே உண்டு. மூன்றாவதில் ஒழுங்கற்ற அலைகள் தெப்பத்தின் மேல் ஏறும். ஐந்தாவது தேர்ந்தார்க்கே உரியது. ஆறாவதோ உயிரைப் பணயம் வைப்பதாகும். அன்றியும், நீர் ஏறினாற் பெரும்பாலும் வகுப்பும் ஏறும். யாம் குறித்ததோ அக்டோபர் முதல் வாரம். பருவமழை அதற்குள் ஓய்ந்துவிடும் என்று நம்பினோம். ஆனால் 2024-ஆம் ஆண்டு செப்டம்பர் இறுதியிற் பெய்த பெருமழையால் அந்நாட்டில் இருநூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர் என்ற செய்தி கண்ணிற்பட்டது. மழை நாட்காட்டியைப் பார்த்து நிற்பதில்லை.

இஃதிவ்வாறாக, பிரயாண ஏற்பாடு செய்வோர் அனுப்பிய விண்ணப்பத்தாளில் ஒரு வினா இருந்தது: “நீந்தத் தெரியுமா?” நால்வர்க்கும் யாமே விடை எழுதினோம். நால்வர்க்கும் “தெரியும்” என்றே எழுதினோம். அவற்றுள் ஒன்று பொய். அப்பொய் எம்முடையது. இளமையில் எம் ஊர்க் கிணற்றில் ஒருமுறை மூழ்கி எழுந்தது முதல், முழங்காலுக்கு மேற்பட்ட நீரில் யாம் இறங்கியதில்லை. இதனை நண்பர்க்குச் சொல்ல நாணினோம். மிதவைச் சட்டை அணிவிப்பார்களே, பின் அச்சம் எதற்கு என்று எமக்கு யாமே ஆறுதல் கூறிக்கொண்டோம்.

தாளை அனுப்புமுன், மைக் ஜோன்ஸ் என்னும் பிரிட்டிஷ் வைத்தியரைப் பற்றிப் படிக்க நேர்ந்தது. அவர் 1976-இல் எவரெஸ்ட் மலையின் பனிநீரைச் சுமந்துவரும் தூத்கோசி ஆற்றிற் கயாக் செலுத்திய குழுவின் தலைவர். தூத்கோசி சுன்கோசியிற் கலப்பதாதலால் அதனைத் தேடிப் படித்தோம். அவர் முடிவோ 1978-இல் பாகிஸ்தானத்துப் பிரால்டு ஆற்றில் நேர்ந்தது. இடருற்ற தோழர் ஒருவர்க்கு உதவச் சென்றபோது அவரே மாண்டனர்.

யாம் புத்தகத்தை மூடினோம். ஆற்றில் விழுந்தவன் மல்லாந்து, கால்களை ஓட்டத்தின் முகமாக உயர்த்தி மிதக்கவேண்டும். எழுந்து நிற்க முயன்றாற் பாறையிடுக்கிற் கால் சிக்கும். நீர் உடலை மடக்கி அமிழ்த்தும். இவ்விதியைப் படித்திருந்தோம், ஆனால் நீரைக் கண்டாலே நடுங்கும் யாம் அவ்வேளையில் அதனை நினைப்போமா? எம்மைப் பற்ற ஒருவர் கை நீட்டுவாரன்றோ? எம் பொய்க்கு அவரும் விலை கொடுக்க நேருமன்றோ?

மறுநாள் நண்பர் முன் உண்மையை உரைத்தோம். சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. பின்பு, நால்வரிலும் வலியவரென யாம் எண்ணியிருந்தவர் தலைகுனிந்து, “எனக்கும் குளத்தில்தான் நீந்தத் தெரியுமப்பா, ஓடும் ஆற்றில் இறங்கியதே இல்லை” என்றார். மற்றவர் நகைத்தனர், யாமும் நகைத்தோம். பிறகு அத்தாளைக் கிழித்துவிட்டுப் புதிய திட்டம் வகுத்தோம். சுன்கோசி வேண்டாம், காத்மாண்டுவினின்று பொக்காரா செல்லும் பெருவழியை ஒட்டி ஓடும் திரிசூலி போதும். அங்கே மூன்றாம் வகுப்பு ஓட்டத்தில் ஒருநாள் தெப்பம். நீந்தப் பழகியபின் கயாக் பயிற்சி. காலம், பருவமழைக்கு முற்பட்ட மே மாதத் தொடக்கம். புதிய தாளில் எம் பெயருக்கெதிரே “தெரியாது” என்று எழுதினோம்.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஊருக்குச் சென்று பெரியப்பாவிடம் விஷயத்தைக் கூறினோம். அவர் ஒன்றுங் கேட்கவில்லை. பரணிலிருந்த பழைய சுரைக்குடுக்கையை இறக்கித் தூசி தட்டி, எம் இடுப்பிற் கட்டினார். “தம்பி, இமயமலைத் தண்ணி கெடக்கட்டும், முதல்ல நம்ம கெணத்துத் தண்ணியில எறங்கு” என்றார்.

மழையால் நிறைந்திருந்த கிணற்றின் படியில் நெடுநேரம் நின்றோம். பின்னர் இறங்கினோம். பத்தாம் நாள் குடுக்கையை அவிழ்த்தனர். இன்று இக்கரையினின்று அக்கரைக்கு ஒருமுறை செல்ல எம்மால் இயலும். திரும்பிவரத்தான் இன்னும் மூச்சுப் போதவில்லை. மே மாதத்துக்கு நாளிருக்கின்றது.