சத்தம் குறைந்த இன்ஜின்

கொஞ்சம் நீளமான பதிவு. பெட்ரோல் பம்பு, ஜெனரேட்டர் என்று வீட்டில் ஏதாவது ஒரு சின்ன நாலு ஸ்ட்ரோக் இன்ஜின் வைத்திருப்பவர்கள் பொறுமையாகப் படியுங்கள்.

இன்ஜினில் சத்தம் கூடினால் எல்லோரும் பயப்படுகிறோம். சத்தம் குறைந்தால் சந்தோஷப்படுகிறோம். வால்வு விஷயத்தில் பல நேரம் அது தலைகீழ். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

எங்கள் ஊர் கடைமடை. மேட்டூரில் ஜூன் 12 அன்று திறந்தாலும் எங்கள் வாய்க்காலில் கால் நனைவதற்கு நாளாகும். அதுவரை நாற்றங்காலைக் காப்பாற்றுவது குட்டைத் தண்ணீரும் பெட்ரோல் பம்பும்தான். என்னிடம் தொழிற்கல்வி படித்த தம்பி ஒருவர் இப்போது விவசாயி. அவர் பம்பு மூன்று நாளாக மக்கர். நாற்று வெளுக்கத் தொடங்கிவிட்டது. பட்டறையில் காட்டியிருக்கிறார். "ரிங்கு, பிஸ்டன் எல்லாம் போச்சு. இதுக்குச் செலவு பண்றதுக்குப் புதுசே வாங்கிடலாம்" என்று பதில். புதிது வாங்கக் கையில் காசில்லை. பம்பை டிவிஎஸ் 50-இன் பின்னால் கட்டி, பத்தாவது படிக்கும் மகனையும் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டார்.

நான் கேட்ட கேள்விகள் சில. புகை வருகிறதா? இல்லை. ஆயில் குறைகிறதா? இல்லை. காலையில் ஸ்டார்ட் ஆகிறதா? ஆகிறது, கால் மணி நேரம் ஓடி நின்றுவிடுகிறது. சூட்டில் எவ்வளவு கயிறு இழுத்தாலும் வராது. ஆறினால் மறுபடி வரும். "சத்தம் எப்படி?" என்றேன். "அதெல்லாம் ஒண்ணுமில்ல சார். போன வருஷத்தைவிட இப்பதான் நைசா ஓடுது."

எனக்கு அந்தக் கடைசிப் பதில்தான் உறைத்தது.

ஏன் என்று சொல்கிறேன். கேம் ஷாஃப்ட் புஷ் ராடைத் தள்ளுகிறது. புஷ் ராடு ராக்கரைத் தூக்குகிறது. ராக்கர் வால்வை அமுக்கித் திறக்கிறது. ராக்கருக்கும் வால்வுத் தண்டின் நுனிக்கும் நடுவில் மயிரிழை போல ஓர் இடைவெளி இருக்க வேண்டும். பலருக்கும் தெரிந்த ஹோண்டா ஜிஎக்ஸ்160 இன்ஜினுக்குக் கையேட்டு அளவு இன்லெட் 0.15 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.20 மி.மீ. இன்ஜின் ஆறியிருக்கும்போது பார்க்க வேண்டிய அளவு இது. எக்ஸாஸ்ட் வால்வு அதிகம் சூடாகி நீள்வதால் அதற்குக் கொஞ்சம் கூடுதல்.

இந்த இடைவெளி கூடினால் டிக் டிக் என்று சத்தம் வரும். ஆனால் ஓட ஓட வால்வின் முகமும் அது உட்காரும் சீட்டும் தேய்ந்து, வால்வு உள்ளே இறங்கும். தண்டின் நுனி ராக்கரை நோக்கி ஏறும். அப்போது இடைவெளி குறையும், சத்தமும் குறையும். கடைசியில் சூட்டில் வால்வு முழுதாக மூடாது. கம்ப்ரஷன் போய்விடும்.

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. நிமிடத்துக்கு 3600 சுற்று ஓடும் இன்ஜினில் ஒவ்வொரு வால்வும் விநாடிக்கு 30 முறை திறந்து மூடுகிறது. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டில் பெரும் பகுதியைச் சீட்டில் உட்காரும் நேரத்தில்தான் இறக்கி வைக்கிறது. சரியாக உட்கார விடாவிட்டால் அது ஆற வழியில்லை. கருகிப்போகும்.

சந்தேகத்தை உறுதி செய்ய ஒரு சோதனை போதும். பிளக்கைக் கழற்றி, இரண்டு வால்வும் மூடியிருக்கும் நிலையில் பிஸ்டனை மேலே நிறுத்தி, பிளக் ஓட்டையில் காற்றுக் குழாயை வைத்து மெதுவாகக் காற்று விட்டோம். ஃப்ளைவீலை ஒருவர் இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆயில் ஊற்றும் வாயில் நிறையக் காற்று வந்தால் ரிங்கு. கார்புரேட்டரில் வந்தால் இன்லெட். எங்களுக்குச் சைலன்சரில் "உஸ்" என்று வந்தது. எக்ஸாஸ்ட் வால்வு. ராக்கர் மூடியைத் திறந்தால், 0.05 ஃபீலர் கேஜ் தகடுகூட உள்ளே போகவில்லை.

ஹெட்டை இறக்கினோம். வால்வு விளிம்பு கருகவில்லை. புள்ளி புள்ளியாக அரித்திருந்தது, அவ்வளவுதான். கருகியிருந்தால் புது வால்வு போட்டே ஆக வேண்டும். கிரைண்டிங் பேஸ்ட்டைத் தடவி, ரப்பர் கப்பு வைத்த குச்சியை வால்வில் ஒட்டி, இரண்டு உள்ளங்கைக்கு நடுவே உருட்டும் வேலையைப் பையனிடம் கொடுத்தேன். "ஆத்தா மோர் கடையுற மாதிரி" என்றான். முதலில் முரட்டுப் பேஸ்ட், பிறகு நைஸ் பேஸ்ட். சுற்றிலும் விட்டுப்போகாமல் ஒரே சாம்பல் நிற வளையம் தெரியும் வரை உருட்டினான். மண்ணெண்ணெயில் பேஸ்ட் துளியும் இல்லாமல் கழுவினோம். மிச்சமிருந்தால் அதுவே சிலிண்டரை அரித்துவிடும். வால்வை மாட்டி, போர்ட்டில் பெட்ரோல் ஊற்றிப் பார்த்தோம். கசியவில்லை. புஷ் ராடுகளைக் கண்ணாடி மேல் உருட்டி வளைவு பார்த்தோம். எந்த ராடு எந்தப் பக்கம் என்று முன்பே குறித்து வைத்திருந்தோம். புது கேஸ்கட் வைத்து, போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினோம்.

கடைசியில் இடைவெளி. கையேட்டு அளவுத் தகடு லேசாகப் பிடித்து நகர வேண்டும். இறுகவும் கூடாது, தொளதொளவென்றும் இருக்கக் கூடாது. லாக் நட்டை இறுக்கும்போது அளவு மாறும் என்பதால் இறுக்கிய பின்னும் ஒருமுறை பார்க்க வேண்டும். பையன் மூன்று முறை பார்த்தான். மூன்றாவது தடவை அவன் முகத்தைப் பார்த்தே கைக்கு அந்தப் பிடிப்பு புரிந்துவிட்டது என்று தெரிந்தது.

நாலாவது இழுப்பில் ஸ்டார்ட். அரை மணி நேரம் ஓடவிட்டு, நிறுத்தி, சூட்டோடு சூடாக இழுத்தோம். வந்தது. தம்பி மட்டும் முகம் சுளித்தார். "சார், டிக் டிக்னு சத்தம் வருதே?"

"வரட்டும். லேசா வர்றதுதான் சரி" என்றேன். அன்று சாயங்காலமே நாற்றங்காலுக்குத் தண்ணீர் பாய்ந்தது. செலவு 600 ரூபாய்க்குள்.

பட்டறைக்காரரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பாகத்தை மாற்றுவது அரை மணி வேலை. அளந்து, அரைத்து, உட்கார வைப்பது ஒரு நாள் வேலை. அந்த ஒரு நாளுக்குக் கூலி கொடுக்க யாரும் தயாராக இல்லாதபோது, அளக்கும் பழக்கமே மெல்லப் போய்விடுகிறது. நஷ்டம், புதிது வாங்க வழியில்லாதவனுக்குத்தான்.

வகுப்பறையில் நின்றவர்களுக்கும் இது தெரியும். சத்தம் போடும் பிள்ளையை எல்லோரும் கவனிப்பார்கள். நன்றாகப் பேசிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று அமைதியானால், "திருந்திட்டான்" என்று விட்டுவிடாமல் பக்கத்தில் போய் உட்கார்ந்து விசாரிக்க வேண்டும்.

உங்கள் இன்ஜினையும் வருடத்துக்கு ஒருமுறை, ஆறியிருக்கும்போது, மூடியைத் திறந்து தகடு விட்டுப் பாருங்கள். அளவை அந்தந்த இன்ஜினின் கையேட்டில் பாருங்கள். ஃபீலர் கேஜ் பெரிய விலை இல்லை. வீட்டில் பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கும் பிள்ளை இருந்தால் ஆணோ பெண்ணோ, தகட்டை அவர்கள் கையில் கொடுங்கள்.