நண்பர் வைத்துச் சென்ற அடைக்கலப் பொருள்கள்

ஒருவர் தம் பொருளை மற்றொருவரிடம் ஒப்புவித்துச் செல்லுங்கால், அப்பொருளோடு தம் மனத்தின் ஒரு கூற்றையும் ஒப்புவித்தே செல்கின்றார். ஆகலின், அடைக்கலம் காத்தலை நம் முன்னோர் பெருங்கடனாகக் கொண்டனர். சிலப்பதிகாரத்துள் அடைக்கலக் காதை எனத் தனியே ஒரு காதை உண்டு. அதன்கண் கவுந்தியடிகள் கண்ணகியை மாதரி என்னும் இடைக்குல முதுமகளிடம் ஒப்புவிக்கின்றார். பின்னர் நிகழ்ந்த கேட்டினை அறிந்த மாதரி, தன்பால் வைத்த அடைக்கலத்தை இழந்ததற்கு ஆற்றாளாய்த் தீயிற் புகுந்தாள் என நீர்ப்படைக் காதை கூறும். அம்முதுமகள் செய்த குற்றம் யாதொன்றும் இல்லை. எனினும் ஏற்றுக்கொண்ட பொறுப்பு அவட்கு உயிரினும் பெரிதாயிற்று.

அது மானிட அடைக்கலம். கழிபொருள் என உலகம் ஒதுக்கியவற்றையும் அவ்வாறே காத்தல் வேண்டுமோ என்பதுதான் எம் இல்லத்தில் ஆறு ஆண்டுகளாக நிகழும் வழக்கு.

என் நண்பர் ஒருவர் என்னினும் பதினைந்து ஆண்டு மூத்தவர். பிறர் வேண்டா என்று எறிந்தவற்றைத் தேடித் தொகுத்தலே அவர்க்குப் பொழுதுபோக்கு. ஊரார் அவரைப் பித்தர் என்பர். அவரும் அதனை மறுத்திலர். முதுமையால் தம் மகளார் வாழும் நகரத்துச் சிற்றில்லத்திற்குக் குடிபெயர்ந்தபொழுது, பதினொரு பெட்டிகளை ஒரு வண்டியில் ஏற்றிவந்து, என்னைக் கேளாமலே எம் நெல்லறையில் இறக்கி, "ஒரு திங்களில் எடுத்துக்கொள்வேன், ஐயா" என்று கூறிச் சென்றார். திருவள்ளுவர் பழைமை என ஓர் அதிகாரமே வகுத்து, நெடுநாட் பழகியார் உரிமையாற் கேளாது செய்வனவற்றை விரும்பி ஏற்குமாறு கூறியிருத்தலின், யான் வாய் திறந்திலேன்.

அப்பெட்டிகளில் உள்ளவை யாவை? பூட்டில்லாத் திறவுகோல்கள் ஒரு கூடை, திறவுகோலில்லாப் பூட்டுகள் மற்றொரு கூடை, பழம் பஞ்சாங்கங்கள், முன்பின் அறியாதாருடைய திருமண அழைப்பிதழ்கள், நாவற்ற மணிகள், உழக்கு முதல் மரக்கால் ஈறாகிய முகத்தலளவைகள், ஏட்டுச்சுவடிகள் மூன்று கட்டு.

"நெல்லுக்கு இடமில்லை, ஆணிக்கும் பூட்டுக்கும் இடமுண்டோ?" என்றாள் என் மனையாள். "எல்லாவற்றையும் கைப்பேசியிற் படம்பிடித்துக்கொண்டு கழித்துவிடலாமே, அப்பா" என்றான் மைந்தன். இருவர் கூற்றும் நேர்மையுடையனவே. ஆயினும், எது கழிபொருள் என்பதைத் துணிதற்குரிய காலம் இன்னதென யாரே அறிவர்?

கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் இருந்த பழஞ்சுவடிகள் பயனற்றவை எனக் கருதப்பட்டு வேள்வித்தீயில் இடப்பட்ட செய்தியை, உ. வே. சாமிநாதையர் (1855–1942) வருந்தி எழுதியுள்ளார். சுவடியை இட்டவர் பகைவர் அல்லர். பழையதைக் கழிக்கும் முறை இதுவே என எண்ணிய நல்லோரே. இதற்கு மாறாக, கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதி வாழ்ந்த ரோஜா முத்தையா, நூல்களோடு நாடக அறிவிப்புகளையும் அழைப்பிதழ்களையும் விடாது தொகுத்தார். அவர் 1992-இல் மறைந்தார். 1994-இல் சிகாகோப் பல்கலைக்கழகம் அத்தொகுப்பினை விலைக்குப் பெற்றது. இன்று அது சென்னையில் அவர் பெயர் தாங்கிய ஆராய்ச்சி நூலகமாக விளங்குகின்றது.

என் நண்பர் பெட்டியும் எனக்கு ஒன்று கற்பித்தது. புறநானூற்றின் 189-ஆம் செய்யுளில் வரும் நாழி யாது என ஒரு மாணவன் வினவினான். உழக்கு இரண்டு உரி, உரி இரண்டு நாழி, நாழி எட்டுக் குறுணி என வாய்பாடு கூறினேன். அவன் முகத்தில் தெளிவில்லை. 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி மெட்ரிக் அளவைகள் நாடெங்கும் வந்தபின் பிறந்தவன் வேறென் செய்வான்? பெட்டியைத் திறந்து, நாழியில் அரிசி அளந்து அவன் கையிற் கொட்டினேன். "இவ்வளவுதானா, ஐயா, ஒருவர்க்கு வேண்டுவது?" என்றான். செய்யுள் அவனுக்கு விளங்கிவிட்டது.

காத்தலென்பது பூட்டிவைத்தல் அன்று. திங்கட்கு ஒருமுறை சுவடிகளை அவிழ்த்துத் துடைத்து, வசம்பு இட்டுக் கட்டுகின்றேன். பொருள்களுக்கெல்லாம் ஒரு பட்டியும் எழுதியுள்ளேன். அவர்க்குப் பின்னர்ச் சுவடிகள் நூலகத்திற்கும் அளவைகள் பள்ளிக்கும் செல்லுதல் தக்கது என அவர் மகளாரும் இசைந்துள்ளார். அவர் வாழுங்காறும் ஒரு திறவுகோலும் எம் வாயிலைக் கடவாது.

நண்பர் திங்கள்தோறும் தொலைபேசியில் அழைக்கின்றார். இப்பொழுது அவர்க்கு மறதி மிகுந்துவிட்டது. அண்மையில் என் பெயரை வினவினார், சொன்னேன். பின்னர், "திறவுகோல் இருநூற்றுப் பன்னிரண்டும் உள்ளனவா?" என்றார். எண்ணிப் பார்த்துச் சொன்னேன். எண் சரியாகவே இருந்தது. அவர் நினைவில் எஞ்சியிருப்பதன் பெரும்பகுதி எம் நெல்லறையில் இருக்கின்றது என்பதை, அருகில் நின்ற என் மனையாளும் அன்று உணர்ந்தாள். நெல் மூட்டைகளை அவளே கூடத்திற்கு மாற்றினாள்.