சில்லின் மேல் ஒரு வீடு

மட்டக்களப்பு நாட்டிலே வீடு பெண்ணுக்குரியது. பிற ஊர்களிலே மணப்பெண் கண்ணீரும் கம்பலையுமாகப் புக்ககம் புகுவாள். இங்கோ மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண்வீடு போகவேண்டும். குடி என்பது தாய்வழி வருவது. தாயின் வளவிலே மூத்தவளுக்கு ஒரு வீடு, அதன் பக்கத்திலேயே இளையவளுக்கு ஒரு வீடு என்று எழும்புவதே வழக்கம். தேற்றாத்தீவிற் பிறந்த நாமும், மணம் முடித்த பின் களுதாவளைக்குக் குடிபெயர்ந்தவரே. அயலூர்தான், ஆயினும் குடிபெயர்வு குடிபெயர்வே அன்றோ!

இவ்வழக்கம் எம் பெண்களுக்கு வாய்த்த பெரும்பேறு என்று கற்றோர் புகழ்வர். புகழ்ச்சி பொருந்தும். ஆயின், வீட்டை உடையவள் வீட்டை விட்டு அசையமாட்டாள் என்பதையும் உடன் சொல்லவேண்டும். ஆண்மக்கள் வாவி கடந்து படுவான்கரை வயல்களுக்குப் போவர், கொழும்புக்குப் போவர், இக்காலத்திலே கட்டாருக்கும் போவர். எழுவான்கரையிலே வீட்டுத் திறப்பு பெண்ணின் முந்தானையிலேயே முடிந்து கிடக்கும்.

இதற்கு ஒரேயொரு விலக்கு உண்டு. அது கதிர்காமம். யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலிருந்து புறப்படும் பாதயாத்திரை அடியார்கள், முல்லைத்தீவு, திருகோணமலை, வெருகல் என்று கரையோரமாக நடந்து, மட்டக்களப்பு வந்து, எங்கள் பகுதியைக் கடந்து தெற்கே செல்வர். போர் காரணமாகத் தடைப்பட்ட அந்த நடை, 1988 இல் மீண்டும் தொடங்கியது. அவர்களுள் பெண்கள் பலர். அறுபது, எழுபது வயதினரும் உண்டு. தலையிலே ஒரு மூட்டை, கையிலே ஒரு போத்தல் தண்ணீர். அவர்களுக்குச் சோறும் மோரும் வழங்கித் தெருவோரத்திலே நின்று கைகூப்புவது எங்கள் பெண்களின் வேலை. அடியார்கள் நடந்து மறைவர். இவர்கள் பானை கழுவி வீடு திரும்புவர்.

அவ்வாறு நாற்பது ஆண்டுகளாகப் பானை கழுவிய இருவர், எம் பெரியன்னையின் புதல்வியர். பெரியக்காவுக்கு வயது அறுபது. மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்கு அப்பால் எங்கும் போனதில்லை எனலாம். சின்னக்கா குடும்பநல உத்தியோகத்தராக இருந்து இளைப்பாறியவர். ஸ்கூட்டரில் ஊரூராய்ச் சுற்றிய அவர், ஐம்பத்து நான்காம் வயதிலே மோட்டார் ஓட்டப் பழகி, சாரதி அனுமதிப்பத்திரமும் பெற்றார். ஓய்வூதியப் பணத்திலே ஒரு பழைய வானை வாங்கினார். வாடகைக்கு விடப்போகிறார் என்று ஊர் எண்ணியது. அவரோ ஊர்த் தச்சனை அழைத்து, பின் ஆசனங்களைக் கழற்றி, இரண்டு பேர் படுக்கக்கூடிய பலகைக் கட்டிலும், அதன் கீழே அரிசி பருப்பு வைக்கும் அறைகளும் அமைப்பித்தார். ஒரு மூலையிலே காஸ் அடுப்பு. யன்னல்களுக்குப் பழைய சேலையிலே திரை. வெளிநாட்டு உல்லாசப் பயணிகள் அறுகங்குடாவுக்கு இத்தகைய வாகனங்களிலே வருவதைப் பார்த்திருக்கிறோம். தேற்றாத்தீவு வளவொன்றிலே பார்ப்பது இதுவே முதற்றடவை. எங்கள் பாட்டன்மார் காலத்துக் கூடார வண்டியும் இதுவேதான். மாடு மட்டும் இல்லை.

தண்ணீருக்குப் பெரிய கான் இரண்டு. அவற்றோடு ஒரு சிறு துணிமுடிப்பிலே தேற்றாங்கொட்டை வைத்தார் பெரியக்கா. எங்கள் ஊருக்குப் பெயர் தந்தது தேற்றா மரம் என்பர். அதன் கொட்டையைப் பானையின் உட்புறத்திலே உரைத்துக் கலங்கல் நீரை ஊற்றிவைத்தால், மண் திரண்டு அடியிலே படியும், மேல்நீர் தெளியும். போத்தல் தண்ணீர் எங்கும் விற்கும் காலத்திலே இது எதற்கு என்று இளையோர் நகைத்தனர். எமக்கு நகைப்பு வரவில்லை. அறியாத இடத்துக்குப் போகிறவர் அறிந்த ஒன்றைக் கையிலே வைத்திருப்பது நன்று.

ஆண்துணை இல்லாமலா என்று உறவினர் கேட்டனர். யானை வரும் என்றனர். வான் நின்றுபோகும் என்றனர். கல்லூரியிலே படிப்பிக்கிறவன் என்பதனால் எம்மிடமும் கருத்துக் கேட்டனர். நாம் ஒரு கதை சொன்னோம். 1888 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், ஜேர்மனியிலே பெர்த்தா பென்ஸ் என்னும் அம்மையார், தம் கணவர் கார்ள் பென்ஸ் ஆக்கிய மோட்டார் வண்டியை அவருக்குச் சொல்லாமலே எடுத்துக்கொண்டு, இரண்டு மைந்தரோடு மன்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைமிலுள்ள தாய்வீட்டுக்குப் புறப்பட்டார். ஏறத்தாழ 106 கிலோமீற்றர். அதுவரை எவரும் மோட்டாரிலே அத்தனை தூரம் போனதில்லை. எரிபொருள் தீர்ந்தபோது மருந்துக்கடையிலே வாங்கி ஊற்றினார். குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியாற் குத்தித் திறந்தார். பிரேக் கட்டைகள் தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரைக் கொண்டு தோல் அடிப்பித்தார். உலகிலே முதலாவது நெடுந்தூர மோட்டார்ப் பயணம் ஒரு பெண் செய்தது என்று முடித்தோம்.

கேட்டிருந்த பெரியக்கா, "அந்த மனுசி தாய்வீட்டுக்குத்தானே போயிருக்கா தம்பி. நாங்க தாய்வீட்ட விட்டுப் போறம்" என்றார்.

புறப்படுவதற்கு முந்திய இரவு, தாம் வரவில்லை என்று சொல்லிவிட்டார் பெரியக்கா. பயம் யானைக்கன்று. அந்த வீட்டை விட்டு அவர் முன்னர் மூன்று முறை போயிருக்கிறார். 1978 சூறாவளிக்குப் பாடசாலைக் கட்டடத்திலே ஒதுங்கி மீண்டபோது கூரை இல்லை. 1990 இல் இடம்பெயர்ந்து மீண்டபோது உடன்பிறந்தான் ஒருவன் இல்லை. 2004 இல் கடல் பொங்கியபோது வாவிப் பக்கமாக ஓடி உயிர் தப்பினர்; மீண்டபோது கிணற்று நீர் உப்பாகிக் கிடந்தது. வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால் ஏதோ ஒன்று குறைந்துபோகும் என்பது அவர் கற்ற கணக்கு. அந்தக் கணக்கைப் பிழை என்று சொல்ல எந்த ஆசிரியனால் முடியும்?

சின்னக்கா வாதாடவில்லை. பாயையும் தலையணையையும் எடுத்துக்கொண்டு முற்றத்திலே நின்ற வானுக்குள் போய்ப் படுத்துவிட்டார். நடுச்சாமம் கடந்தபின் கதவு தட்டும் ஓசை கேட்டதாம். போர்வையோடு பெரியக்கா நின்றிருந்தார். முதலிரவுப் பயணம் அவ்வாறு வளவுக்குள்ளேயே கழிந்தது. வான் ஒரு முழமும் நகரவில்லை. விடிந்ததும் அந்தக் காஸ் அடுப்பிலே தேநீர் காய்ச்சிக் குடித்துவிட்டு, கொம்புச்சந்திப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துப் புறப்பட்டனர். வீட்டுத் திறப்பும் கோழிகளும் எம் பொறுப்பாயின.

கல்முனை, காரைதீவு, அக்கரைப்பற்று, திருக்கோவில் வரை தெரிந்த வழியே. கோமாரிக்கு அருகே பின்சில்லு ஒன்றிலே காற்றுப் போயிற்று. சின்னக்கா முற்றத்திலே மூன்று முறை சில்லு மாற்றிப் பார்த்தவர் ஆகையால், உதவிக்கு வந்த வாலிபர்களுக்கு ஜக்கைப் பிடிக்கும் வேலை மட்டுமே கிடைத்தது. பொத்துவில்லிலிருந்து பாணமை ஊடாக உகந்தை மலைக்குப் போய், முருகனைத் தரிசித்து, அங்கிருந்து பாதயாத்திரை அடியார்கள் குமணக் காட்டுக்குள் நடந்து இறங்குவதையும் கண்டனர். எங்கள் தெருவிலே மோர் வாங்கிக் குடித்த அம்மை ஒருவர் பெரியக்காவை அடையாளம் கண்டு, "நீங்களுமா!" என்று கைபிடித்தாராம். தொலைபேசியிலே இதைச் சொன்னபோது பெரியக்காவின் குரல் நாம் கேட்டறியாத குரலாய் இருந்தது.

காட்டுவழி கால்நடைக்கு உரியது. வாகனம் சுற்றித்தான் போகவேண்டும். லகுகலைக் குளத்திலே யானைக் கூட்டம் தூரத்தே மேய்ந்தது. சியம்பலாண்டுவ, மொனராகலை கடந்து புத்தல வந்தனர். புத்தலவிலிருந்து கதிர்காமம் செல்லும் காட்டுவீதியே உண்மையான சோதனை. அங்கே காட்டு யானைகள் தெருவில் நின்று வாகனங்களை மறித்துப் பழம் கேட்கும். கொடுத்துப் பழக்கியவர் மனிதரே; இப்போது கொடுப்பது தடை. கொம்பன் ஒன்று நடுவீதியிலே நிற்க, சின்னக்கா தூரத்திலேயே வானை நிறுத்தி, யன்னல்களை மூடி, கட்டிலின் கீழிருந்த வாழைக்குலையைப் போர்வையால் மூடச்சொன்னார். அரைமணி நேரம் இருவரும் பேசவில்லை. பின்னர் வந்த பஸ்ஸொன்று அதனை மெல்ல ஒதுக்கிக் கடக்க, இவர்கள் அதன் பின்னே ஒட்டிக்கொண்டு போயினர்.

மாணிக்க கங்கையிலே நீராடினர். அன்றைய நீர் கலங்கல். தேற்றாங்கொட்டைக்கு வேலை வந்தது. பக்கத்திலே கூடாரமடித்திருந்த சிங்களக் குடும்பத்துப் பெண்கள் பானைக்குள் எட்டிப் பார்த்து வியந்து, இரண்டு கொட்டைகளை வாங்கிச் சென்றனராம். இரவிலே யானைமேல் எழுந்தருளும் பெருமான், தம் கோயிலிலிருந்து வள்ளியம்மை கோயிலுக்கு ஊர்வலமாகச் செல்வார் என்பதை வாசகர் அறிவர். அதைக் கண்டுவிட்டு, இரவு பதினொரு மணிக்கு எம்மை எழுப்பினார் பெரியக்கா.

"தம்பி, இஞ்சயும் மாப்பிள்ளதான் பொண் வீட்டுக்குப் போறார்!"

ஆறாம் நாள் மாலை வான் வளவுக்குள் நுழைந்தது. பெரியக்கா முதலிலே கூரையைப் பார்த்தார். பின் கிணற்றிலே ஒரு வாளி அள்ளி நாவிலே வைத்துப் பார்த்தார். அதன் பின்னரே எம்மிடம் திறப்பைக் கேட்டார். கோழிகளில் ஒன்று குறைந்திருந்தது. கீரிப்பிள்ளையின் வேலை, அவரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

இப்போது சின்னக்கா திருக்கேதீச்சரத்துக்கு வழி கேட்கிறார். அனுராதபுரத்துக்கு அப்பால் இரவிலே வானை எங்கே நிறுத்தலாம் என்று மன்னார்ப் பக்கத்து நண்பர்களுக்கு எழுதியிருக்கிறோம்.