புதருக்குள் ஏரி

புல் ஷோல்ஸ் ஏரிக்கரையில் வசந்த காலத்தில் யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் முதலில் வருவது நீர்மட்டம்தான். கடல் மட்டத்துக்கு மேல் 659 அடி என்றால் ஏரி இயல்பாக இருக்கிறது. அதற்கு மேல் 36 அடியை வெள்ளத்துக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்; 695-ல் அணை நிறையும். 2008-லும் 2011-லும் அந்த இடமும் போதாமல் மதகுகளைத் திறந்தார்கள். நான் போன ஏப்ரலில் தண்ணீர் இரண்டு எண்களுக்கும் நடுவே எங்கோ நின்றது. படகு இறக்கும் சரிவு முழுகிப்போய், முகாம் மைதானத்தின் தார்ச்சாலை நேராகத் தண்ணீருக்குள் போய்க்கொண்டிருந்தது. அந்தச் சாலையிலிருந்தே படகை இறக்கினார், என்னை மீன்பிடிக்க அழைத்துப்போன கைடு.

இது அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்து ஓசார்க் மலைப்பகுதி. வொயிட் ஆற்றின் குறுக்கே ராணுவப் பொறியாளர் படை கட்டி, 1952-ல் அதிபர் ட்ரூமன் வந்து திறந்துவைத்த அணை. மலைக்குக் கீழே கிழக்குச் சமவெளியில் நெல்லும் சோயாவும் விளைகிற வயல்கள் இருக்கின்றன. அங்கே நியூபோர்ட் ஊரில் ஆறு உயர்ந்தால், இங்கே தண்ணீர் விடுவதைக் குறைத்துவிடுவார்கள். வயல் தப்பிக்கும்; ஏரி வீங்கும். முழுக்க நிறைந்தால் 71,000 ஏக்கருக்கு மேல் பரவும் இந்த ஏரி, இயல்பில் அதில் மூன்றில் இரண்டு பங்குதான். மிச்சம் எல்லாம் காடு, புதர், முகாம் போடுகிறவர்கள் சாப்பிட உட்காரும் மேஜை பெஞ்சு. பாஸ் மீன் முட்டையிடக் கரையோரம் வருகிற நேரத்தில்தான் இந்த நிலமும் அதற்குக் கிடைக்கிறது.

கைடுக்கு அறுபதுக்கு மேல் வயது. காசு வாங்கிக்கொண்டு மற்றவர்களை மீன் பிடிக்க வைப்பதுதான் தொழில் என்றாலும், அவர் தூண்டிலைத் தொடுவது குறைவு. படகின் முனையில் நின்று, மின்மோட்டாரைக் காலால் மிதித்துத் திருப்பியபடி, முழுகிய புதர்களின் இடுக்கில் படகைச் சத்தமில்லாமல் நுழைப்பார். ஒலியால் ஆழம் காட்டும் கருவி முன்னாலேயே இருந்தது. இந்தச் செடிகொடிக்குள் அதற்கு வேலையில்லை என்று அணைத்துவிட்டார்.

"அந்த வில்லோ மரத்துக்குப் பின்னால ஒரு பள்ளம் போகும், பாருங்க" என்றார். எனக்குத் தெரிந்தது கலங்கிய நீரும் மூன்று கிளை நுனிகளும்தான். ஏரி வற்றியிருக்கும் மாதங்களில் இந்தக் கரை முழுவதையும் அவர் நடந்தே பார்த்திருக்கிறார். எங்கே பழைய வண்டித்தடம், எங்கே வாய்க்கால், எங்கே சரளைத் திட்டு, நீர் இல்லாத வருஷத்தில் எந்த இடத்தில் செடி மண்டியது என்பதெல்லாம் மனப்பாடம். மீனைத் தேடுகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் தேடியது நிலத்தை. இந்தத் தொழிலின் பாதி, தண்ணீரே இல்லாதபோது முடிந்துவிடுகிறது.

மீதிப் பாதி கையில் இருக்கிறது. புதருக்குள் தூண்டிலை வீசி எறிய முடியாது, சிக்கிக்கொள்ளும். ஏழடிக்கு மேல் நீளமான கழியை நீட்டி, அதே நீளத்துக்கு நரம்பைத் தொங்கவிட்டு, ரீலுக்குப் பக்கத்தில் உள்ள நரம்பை இடது கையால் இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஈயத் தலையும் ரப்பர் இழைப் பாவாடையும் கொண்ட ஜிக் என்ற போலி இரையை ஊஞ்சல்போல ஆட்டி, கிளைகளுக்கு நடுவே உள்ள கையகல ஓட்டைக்குள் விட வேண்டும். விழும்போது சத்தமே வரக்கூடாது. இதற்கு ஃபிளிப்பிங் என்று பெயர். கலிஃபோர்னியாவின் கோரைப்புதர்களில் இதைப் பழகிக்கொண்ட டீ தாமஸ் என்பவர், 1975-ல் இதே ஏரியில் நடந்த மீன்பிடிப் போட்டியில் வென்ற பிறகுதான் இந்த முறை நாடெங்கும் பரவியது. நான் விட்ட ஜிக்குகளில் பெரும்பாலானவை கல் விழுந்த சத்தத்தோடு இறங்கின. கைடு ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த புதருக்குப் படகைத் திருப்பினார்.

மீன் கடிப்பது கைக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. தரையைத் தொட வேண்டிய ஜிக் நடுவிலேயே நின்றுவிடும். அல்லது நரம்பு பக்கவாட்டில் மெல்ல நகரும். அந்தக் கணமே சுண்டி, ஒரே இழுப்பில் படகுக்குக் கொண்டுவர வேண்டும். யோசித்தால் மீன் கிளையைச் சுற்றிக்கொள்ளும். அதனால்தான் இதற்குத் தடித்த நரம்பு. கைடு எடுத்துக் காட்டிய பெரியவாய் பாஸ் என் முழங்கை நீளம் இருந்தது. வயிறு பெருத்த பெண் மீன்; ஒரு நிமிஷத்துக்குள் தண்ணீருக்கே போய்விட்டது.

முட்டையிட்டதும் பெண் மீன் விலகிப்போகும். குழிபறித்துக் காவல் நிற்பது ஆண். அதைத் தூக்கிவிட்டால், திரும்பி வருவதற்குள் சிறு மீன்கள் முட்டையைத் தின்றுவிடும். காவல் மீனைக் குறிவைப்பது நியாயமா என்று கேட்டேன். "கண்ணுக்குக் கூடு தெரிஞ்சா நான் போடுறதில்ல. இந்தக் கலங்கல்ல தெரியாதே" என்றார். வசதியான பதில் என்றுதான் எனக்குப் பட்டது.

ஆனால் உயர்ந்த நீர் மீனுக்கு நல்லது என்பதில் சந்தேகமில்லை. முழுகிய செடிகளுக்குள் குஞ்சுகளுக்கு ஒளிவிடமும் தீனியும் கிடைக்கின்றன. வெள்ள வருஷத்துக் குஞ்சுகள் சில ஆண்டுகளில் தூண்டிலுக்கு வரும் அளவு வளரும்போது, கைடுகளுக்கும் நல்ல காலம். ஆபத்து, தண்ணீர் திடீரென இறங்கினால்தான். கூடுகள் வெளியில் கிடந்து காய்ந்துபோகும். மட்டம் கொஞ்சம் குறையத் தொடங்கினாலே பெரிய மீன்கள் புதரை விட்டு வெளி விளிம்புக்கு வந்துவிடுமாம். அதனால் காலையில் படகேறியதும் அவர் முதலில் பார்ப்பது மரத்தண்டுகளைத்தான்: நீருக்கு மேலே ஈர வளையம் தெரிகிறதா என்று.

மீன் கரைக்கு வரும் இந்த வாரங்களில்தான் அவருக்கு ஆள் வருவதில்லை. வெள்ளம் என்று செய்தியில் பார்த்ததும் வெளியூர்க்காரர்கள் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறார்கள். "வெயில் அடிச்சு, மட்டம் இறங்கி, மீன் எல்லாம் ஆழத்துக்குப் போன அப்புறம் சந்தோஷமா வருவாங்க" என்று சிரித்தார்.

திரும்பியபோது படகுத்துறையில் இருவர் வேலையாக இருந்தார்கள். மிதக்கும் துறை அது. ஏரி ஏற ஏற அதைக் கரைப்பக்கம் தள்ளிக்கொண்டே வர வேண்டும். கம்பிவடத்தை ஒரு பக்கம் தளர்த்தி, மறுபக்கம் கைச்சக்கரத்தால் முறுக்கி, நடைபாலத்தை எடுத்து மேட்டில் வைத்து, மின்கம்பியை உயரத் தூக்கிக் கட்டி, பிறகு மிதந்து வரும் மரக்கட்டைகளைக் கழியால் ஒதுக்க வேண்டும். இறங்கும்போது இத்தனையும் தலைகீழாக. தாமதித்தால் துறை தரைதட்டி ஒருபக்கம் சாய்ந்து நிற்கும். இந்த வசந்தத்தில் எத்தனை மீன் பிடித்தீர்கள் என்று சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன்.

"தூண்டிலையே இன்னும் வெளியில எடுக்கல. நீங்க அந்த வடத்தைக் கொஞ்சம் பிடிங்க."