சட்டைப் பொத்தானும் பாடமே

சடையங்குப்பத்தில் வீடு சந்திக்கச் செல்லும்போது ஒரு தாய் தவறாமல் கேட்பார்: "எனக்கப்புறம் இவன யாரு பாத்துப்பாங்க, ஃபாதர்?" மகனுக்குப் பதினான்கு வயது, அறிவுசார் குறைபாடு மிகுதியாக உள்ளவன். கடைசிப் பலகையில் அமர்த்தி ஆண்டுதோறும் அடுத்த வகுப்புக்கு ஏற்றிவிட்டார்கள். அதைக் கல்வி என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

இத்தகைய பிள்ளை ஒவ்வொருவருக்கும் தனித் திட்டம் வகுக்க வேண்டும் என்று அமெரிக்காவில் 1975-இல் சட்டமாயிற்று. நம் சென்னையிலும் இத்துறையில் நல்ல உழைப்பு நடந்திருக்கிறது. பி. ஜெயச்சந்திரன், வி. விமலா இருவரும் உருவாக்கி, விஜய் ஹியூமன் சர்வீசஸ் நிறுவனம் வெளியிட்ட 'மெட்ராஸ் டெவலப்மென்டல் புரோகிராமிங் சிஸ்டம்' நாடெங்கும் சிறப்புப் பள்ளிகள் அறிந்த அளவுகோல். அதில் வாழ்க்கைத் துறைகள் 18, ஒவ்வொன்றிலும் திறன்கள் 20, ஆக 360. உண்ணுதல், உடுத்துதல், கழிப்பறைப் பழக்கம், பேச்சு, காசு, நேரம், ஊரில் நடமாடுதல், தொழில் என்று அது விரிகிறது. பிள்ளை செய்வது எது, இன்னும் செய்யாதது எது என்று ஆசிரியர் பார்த்துக் குறிக்கிறார். செய்யாதவற்றுள் கைக்கெட்டும் தொலைவில் இருப்பவை சில மாதங்களுக்கான இலக்குகளாகின்றன. (நுண்ணறிவு ஈவு என்ற ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு நாளைக்கு என்ன கற்பிப்பது? எனக்கு விளங்கியதே இல்லை.)

கற்பிக்கும் முறையும் அழகானது. பொத்தான் போடப் பழக்கும் ஆசிரியை, பொத்தானைத் துளைக்குள் பாதி நுழைத்துவிட்டு, இழுத்து முடிக்கும் கடைசி அசைவை மட்டும் பிள்ளையிடம் விடுகிறார். அது கைவந்தபின் அதற்கு முந்தைய அசைவு. இவ்வாறு கடைசியிலிருந்து முதலுக்கு வருகிறார்கள். ஒவ்வொரு நாளும் வேலையை முடித்தவன் பிள்ளையே.

திட்டம் ஊருக்கும் பொருந்த வேண்டும். கன்டெய்னர் லாரிகள் ஓயாத நம் சாலைகளில் 'சாலையைக் கடத்தல்' என்பது வேறு ஊர்ப் பாடமன்று. 2023 டிசம்பரில் மணலி, எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வந்தபோது, தன் பெயரையும் தெருவையும் சொல்லத் தெரியாத பிள்ளையைப் பெற்றவர்கள் எப்படித் தவித்திருப்பார்கள்!

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இலவசக் கல்வி தருவது 18 வயது வரைதான். அந்தப் பையனுக்கு எஞ்சியவை நான்கு ஆண்டுகள். ஆகவே, எதை முதலில் கற்பிப்பது என்பதில் தாய்க்கும் சிறப்பாசிரியைக்கும் கருத்து மாறுபட்டது. தாகத்தையும் கழிப்பறைத் தேவையையும் தெரிவிக்கட்டும் என்றார் ஆசிரியை. பெயர் எழுதட்டும் என்றார் தாய். நான் முதலில் ஆசிரியை பக்கம் நின்றேன். இன்றும் வரிசையில் அவர் சொல்வதே சரி. ஆனால் வங்கியிலும் ரேஷன் கடையிலும் ஆயுள் முழுதும் பெருவிரல் பதித்தே நின்றவர் அந்தத் தாய். அவருடைய ஆசையை அறியாமை என்று எப்படித் தள்ளுவது?

இந்தக் காலாண்டின் தாளில் மூன்று இலக்குகள் உள்ளன. சாடை காட்டித் தண்ணீர் கேட்டல். கழிப்பறை செல்ல வேண்டுமென்று உணர்த்தல். அவன் பெயரின் முதல் எழுத்தைப் புள்ளிகளின் மேல் வரைதல். மூன்றாவதைத் தாய் வீட்டில் பழக்குகிறார். அவரும் உடன் எழுதிப் பார்க்கிறாராம்.