முட்டுவலியும் மஞ்சள் சட்டையும்

எங்கள் ஊருக்குத் தோல்வி புதுசில்லை. 1809 பிப்ரவரியில் வேலுத்தம்பி தளவாயின் ஆட்களை முறியடித்துக்கொண்டு கம்பெனிப் பட்டாளம் திருவிதாங்கூருக்குள் புகுந்தது ஆரல்வாய்மொழிக் கோட்டை வழியாகத்தான். அதற்கப்புறம் 216 வருஷம் கழித்து, 2025 ஐ.பி.எல். ஸீசனில், ஊர் மறுபடியும் இடிந்துபோய் உட்கார்ந்தது. 'கோட்டை விட்டதையும் கேட்ச் விட்டதையும் ஒண்ணாச் சொல்லலாமா வே?' என்று நீங்கள் சண்டைக்கு வரலாம். வாருங்கள். ஏப்ரல் மாசம் எங்கள் ஊர் டீக்கடையில் ஒரு நாள் உட்கார்ந்திருந்தால் வந்திருக்க மாட்டீர்கள்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். காத்தாடிக் கம்பெனியில் சர்வீஸ் டெக்னீஷியன். முப்பந்தல் பக்கம் ரோட்டில் போகும்போது பஸ் ஜன்னல் வழியாக வாயைப் பிளந்து பார்ப்பீர்களே, அந்தக் காற்றாலைகளுக்கு உள்ளே ஏணி இருக்கும். ஐம்பது மீட்டர். இடுப்பில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு ஏற வேண்டும். ஏறினால் சம்பளத்துக்கு மேலே தனியாக ஒரு படி உண்டு. படி ஏறினால் படி. அவ்வளவுதான் என் உத்தியோகம்.

பிறந்த வருஷம் 1981. தோனியும் 1981. இந்த ஒரே ஒற்றுமையை வைத்துக்கொண்டு நான் பண்ணிய அலட்டல் கொஞ்சநஞ்சமல்ல. அவர் முடி வளர்த்தபோது நானும் வளர்த்தேன். 'பெல்ட்டுல மாட்டும், வெட்டுடே' என்று சூப்பர்வைசர் சொன்ன பிறகுதான் விட்டேன். 2023-ல் சென்னை அஞ்சாவது தடவை கோப்பை ஜெயித்த கையோடு அவர் இடது முட்டில் ஆபரேஷன் செய்துகொண்டார். அதே வருஷம்தான் எனக்கும் முட்டுவலி ஆரம்பித்தது. ஆனால் வலது முட்டு. ஒற்றுமை முழுசாகப் பொருந்தவில்லையே என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம்கூட!

நாகர்கோவில் டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "என்ன வேலை பாக்குறீங்க?" என்றார். சொன்னேன். "வேற வேலை பாருங்க" என்றார். ஃபீஸ் கொடுத்துவிட்டு வந்தேன். வேலையை மாற்றவில்லை, டாக்டரை மாற்றினேன்.

ஆபீஸில் மூச்சு விடவில்லை. சொன்னால் கீழே உட்கார வைத்துவிடுவார்கள். படி போகும். அதைவிடப் பெரிசு ஒன்று உண்டு. இருபது வருஷமாக 'மேல யாரு? அண்ணாச்சியா? அப்ப சரி' என்று பேர் எடுத்தவன் நான். அந்தப் பேரும் போகும்.

இந்த நிலைமையில்தான் 2025 ஸீசன் வந்தது. எங்கள் வேலையிலும் அதற்குப் பேர் ஸீசன்தான். மே கடைசியில் கணவாய்க்குள் காற்று பிடிக்கும். அதற்குள் எண்ணெய் மாற்றி, பிரேக் பார்த்து எல்லா மெஷினையும் தயார் பண்ணிவிட வேண்டும். பகலெல்லாம் ஏணி, ராத்திரியெல்லாம் கிரிக்கெட்.

முதல் மேட்ச், மார்ச் 23. மும்பையை ஜெயித்தோம். டீக்கடையில் எல்லோருக்கும் என் கணக்கில் டீ. ஐந்து நாள் கழித்து பெங்களூர்க்காரன் சேப்பாக்கத்துக்கு வந்து 50 ரன்னில் அடித்துவிட்டுப் போனான். 2008-க்குப் பிறகு அங்கே அவன் ஜெயித்ததே இல்லை. அன்றைக்குத் தோனி இறங்கியது ஒன்பதாவது ஆளாக. "நம்ம ஊர் கல்யாணத்துல பாயசம்கூட இதுக்கு முன்னால வந்துரும்" என்றார் டீக்கடை அண்ணாச்சி.

அடுத்தது ராஜஸ்தானிடம் 6 ரன்னில் தோல்வி. அன்றைக்கு கோச் ஃபிளெமிங் ஒரு விஷயம் சொன்னார்: தோனியின் முட்டு பழைய மாதிரி இல்லை, பத்து ஓவர் நின்று முழு மூச்சாக ஓடி ஆட முடியாது, அதனால் நேரம் பார்த்துத்தான் இறங்குகிறார் என்று.

எனக்கு வந்ததே கோபம்! "ஒரு மனுஷனோட முட்டைப் பத்தி ஊர் முழுக்கச் சொல்லுவானா?" என்று கத்தினேன்.

வீட்டுக்காரி அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலே கேட்டாள்: "உள்ளதத்தானே சொல்லுதாரு. உங்களுக்கு எதுக்கு இவ்வளவு வெப்ராளம்?"

அதற்கு மேல் நான் பேசவில்லை. என் முட்டில் தைலவாசனை அடித்துக்கொண்டிருந்தது.

அந்த வாரமே ஒருநாள், டவரில் முக்கால் உயரத்தில் வலது கால் மடங்கவும் மாட்டேன், நீளவும் மாட்டேன் என்று நின்றுவிட்டது. கீழே ஜூனியர் பையன் ஏறி வந்துகொண்டிருந்தான். (பேர் வேண்டாம். பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.) "என்னண்ணே நின்னுட்டீங்க?" என்றான். "போல்ட்டு செக் பண்ணுதேன்" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "ஏணி நடுவுல ஏதுண்ணே போல்ட்டு?" என்றான்.

அந்தப் பையன்தான் ஏப்ரல் 11-க்கு எப்படியோ இரண்டு டிக்கெட் பிடித்தான். சேப்பாக்கம், எதிராளி கொல்கத்தா. கேப்டன் ருதுராஜுக்கு முழங்கையில் எலும்பு முறிவு, அதனால் மறுபடியும் தோனிதான் கேப்டன் என்று முந்தின நாள் செய்தி வந்தது. விடுவேனா? மாமனாருக்கு உடம்பு சரியில்லை என்று லீவு சொன்னேன். (மாமனார் அன்றைக்குத் தோவாளை மார்க்கெட்டில் பூ விலை பேசிக்கொண்டிருந்ததை எங்கள் மேனேஜரே பார்த்தது தனிக்கதை.) மஞ்சள் சட்டையோடு நாகர்கோவிலில் ரயில் ஏறினோம்.

எங்கள் ஸீட் மேல் அடுக்கில். சேப்பாக்கத்தில் அத்தனை படி இருக்கும் என்று டி.வி-யில் தெரிவதில்லை. பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். பின்னால் வந்தவர்கள் "சார், வழி விடுங்க" என்றார்கள். பையன் ஒன்றும் கேட்கவில்லை. என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு முன்னால் போனான்.

மேட்ச் பற்றி என்ன சொல்ல? 103-க்கு 9 விக்கெட். சேப்பாக்கத்தில் சென்னை எடுத்த மிகக் குறைந்த ஸ்கோர். தோனி வந்தபோது காது கிழிகிற சத்தம். நாலு பந்து, ஒரு ரன், நரைன் பந்தில் எல்.பி. அந்தச் சத்தம் நின்ற விதம் இருக்கிறதே, கரண்ட் போன வீடு மாதிரி! கொல்கத்தாக்காரன் 10.1 ஓவரில் முடித்துவிட்டான். தொடர்ந்து ஐந்தாவது தோல்வி. டீம் பிறந்ததிலிருந்து அப்படி நடந்ததில்லை. எழுநூறு கிலோமீட்டர் போய் நூற்றிமூன்று ரன் பார்த்துவிட்டு வந்த கணக்கு.

திரும்பும் ரயிலில் நான் ஆரம்பித்தேன். "வயசானவனையே கட்டிக்கிட்டு அழுதா இப்படித்தான். பழைய பேரைப் பார்த்து ஏலம் எடுத்தானுவ. பிட்ச்சும் பழைய மாதிரி திரும்பும்னு நினைச்சானுவ. ரன் ஓட ஒருத்தனுக்குத் தெம்பு இல்ல. இளசுகளை இறக்க வேண்டாமா?"

பையன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். மதுரை தாண்டியபிறகு மெதுவாகச் சொன்னான்:

"அண்ணே, கோவிச்சுக்கப்பிடாது. முட்டு வலிக்குன்னு சொன்னா யாரும் உங்கள மட்டமா நினைக்கப்போறதில்ல. சொல்லாம ஏறி, நடுவுல கால் விட்டுதுன்னா, கீழ நிக்கது நானாக்கும்."

ஜன்னல் வழியாக வெளியே பார்த்தேன். இருட்டு. ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் படியையும் என் பேரையும்தான் நான் எண்ணிக்கொண்டிருந்தேன். எனக்குக் கீழே ஏணியில் ஒருத்தன் வருகிறான், அவனுக்கும் வீட்டில் காத்திருக்கிற அம்மா உண்டு என்பது கணக்கிலேயே வரவில்லை.

உடனே திருந்திவிட்டேன் என்று சொன்னால் பொய். லக்னோவை ஜெயித்தபோது 'பாத்தியா!' என்று இரண்டு டவர் ஏறினேன். ஏப்ரல் 25-ல் ஹைதராபாத் சேப்பாக்கத்தில் முதல் தடவையாக ஜெயித்தது. 30-ம் தேதி பஞ்சாப் அடித்ததில் பத்து டீமில் முதலில் வெளியே போனது நாம்தான். மறுநாள் காலை, மே தினம், லீவு. உட்கார்ந்து மேனேஜருக்கு லெட்டர் எழுதினேன். ஒரு பக்க லெட்டருக்கு மூன்று மணி நேரம். வீட்டுக்காரியிடம், "மாசாமாசம் படி போயிரும்" என்றேன். "போட்டு. புது முட்டு என்ன விலைன்னு டாக்டர்ட்ட கேட்டீங்களா?" என்றாள். கணக்கில் அவள் என்றைக்குமே புலி.

மேனேஜர் படித்துவிட்டு, "மாமனார் சௌக்கியமா?" என்றார். அதற்குமேல் திட்டவில்லை. கண்ட்ரோல் ரூமில் நாற்காலி போட்டுக் கொடுத்தார். புதுப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் வேலையும் சேர்த்து.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. எல்லாம் முடிந்துபோன பிறகு சென்னை ஆட ஆரம்பித்தது! ருதுராஜுக்குப் பதிலாக வந்த ஆயுஷ் மாத்ரே, பதினேழு வயசுப் பொடியன், பெங்களூரில் 48 பந்தில் 94 அடித்தான். இரண்டு ரன்னில் தோற்றோம். ஆனால் டீக்கடையில் ஒருத்தரும் டி.வி-யை அணைக்கச் சொல்லவில்லை. மே 25, கடைசி மேட்ச். பிரேவிஸ் 23 பந்தில் 57, டீம் ஸ்கோர் 230, குஜராத்தை 83 ரன்னில் சாத்தினார்கள். பதினாலில் நாலு வெற்றி, எட்டுப் புள்ளி. ராஜஸ்தானுக்கும் எட்டுத்தான், ரன் ரேட்டில் நாம் கீழே. வரலாற்றில் முதல் முறையாகக் கடைசி இடம்.

அன்றைக்குத் தோனி, முடிவெடுக்க நாலைந்து மாசம் இருக்கிறது, அவசரமில்லை என்றார். நான் இருபத்துநாலு நாள் முந்திக்கொண்டேன். 1981-காரர்களில் ஒருத்தனாவது ஒரு விஷயத்திலாவது முந்த வேண்டாமா?

அந்த ஸீசனின் காற்று பிடித்த நாள்களில் ஒன்று. கீழே நாற்காலி போட்டு, வாக்கி டாக்கியோடு உட்கார்ந்திருந்தேன். பையன் ஏறிக்கொண்டிருந்தான். பாதியில் சத்தத்தைக் காணோம்.

"என்னடே, நின்னுட்டியா?" என்றேன்.

கொஞ்சம் மூச்சிரைப்பு கேட்டது. பிறகு பதில் வந்தது:

"இல்லண்ணே... போல்ட்டு செக் பண்ணுதேன்!"